உச்சாணியின் நாடி

“நூத்திப் பதினாறு,” என்றாள் மனைவி.

“சரியா எண்ணினியா?”

“எண்ணாம, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு பாட்டா பாடிட்டிருந்தேன்?”

உச்சாணி நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். எதிரே கவிழ்த்துப் போட்ட ரொட்டிப் பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மீதுதான் இவ்வளவு நேரம் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தார். இறங்கி உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். நூற்றுப் பத்தைத் தாண்டக் கூடாது. ஆறுதான் கூட. ஆறு துடிப்புக்காக ஒரு மனிதனின் பிழைப்பு கெடுமா என்று கேட்டால், கெடும் போலத்தான் இருந்தது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் பாதி ஆயுளைக் கழித்தவரை வேறென்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அங்கே உட்கார்ந்தால் கடல் தெரியும், கப்பல் தெரியும், மனிதர்கள் எறும்பாகத் தெரிவார்கள். அவர்கள் பேசுவது மட்டும் கேட்காது. வாக்கி டாக்கியில் ‘இடது’, ‘வலது’, ‘இறக்கு’ என்று வரும். அதற்கு மேல் உலகத்திடமிருந்து அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் புதிதாக வந்த டாக்டரம்மா. “உயரத்துல வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் ஒரு டெஸ்ட். பெட்டி மேல ஏறி இறங்கணும். துடிப்பு ஏறுறது தப்பில்ல. நின்னதும் சட்டுனு அடங்குதான்னு பாக்கணும். அடங்கினா இதயம் தெம்பா இருக்குன்னு அர்த்தம். அடங்கலைன்னா கீழ வேலை” என்று சொல்லிவிட்டார்.

கீழ வேலை என்றால் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் அறை. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ரேடியோ என்பது அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. ஒரு முறை கிரேன் பழுதானபோது உச்சாணி ஒரே ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்தார். சாயங்காலம் வெளியே வரும்போது ரேடியோவின் மைத்துனி வீட்டுக் குழாய் எந்தெந்தக் காலத்தில் எப்படியெல்லாம் ஒழுகியது என்பது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. ஓய்வு பெறும்வரை அந்த அறையில் என்று நினைத்ததுமே அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இன்னொரு தடவை ஏறுறேன்,” என்றார்.

“ஏறுங்க. ஆறு துடிப்புதானே, குறைச்சுடலாம்,” என்றாள் மனைவி. கால் கிலோ குறைக்கச் சொல்வது போல அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாள்.

வீடு மூன்றாவது மாடியில். கீழே தெருவை ஒட்டி மாமனாரின் பேக்கரி. மனைவி அங்கே கல்லாவில் இருப்பாள். வாடிக்கையாளர் கொஞ்சம் ஓய்ந்தால் மேலே ஓடி வந்து கணவருக்குத் தாளம் போட்டுப் பயிற்சி கொடுப்பாள். “மேல, மேல, கீழ, கீழ” என்று அவள் கையைத் தட்டுகிற வேகத்தில் உச்சாணி ஏறி இறங்குவார். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடிப்பாள். மாவு பொங்கிவிட்டதா என்று அழுத்திப் பார்த்தே வளர்ந்த குடும்பம் அது. நாடியையும் அவள் அதே கரிசனத்தோடு அழுத்தித்தான் பிடித்தாள். அவரே எண்ணிக்கொள்ளலாம்தான். ஆனால் வருடக்கணக்காகக் கிரேன் லிவரைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல்களுக்குத் தன் நாடி என்ன, தண்டவாளத்தில் வருகிற ரயில்கூடத் தெரியாது.

இரண்டாவது தடவை ஏறிக்கொண்டிருந்தபோது தரைக்கு அடியிலிருந்து யாரோ இடித்தார்கள். இரண்டாவது மாடி டீச்சர். துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்துத் தெரிவிப்பதுதான் அவர் வழக்கம்.

“பெட்டிக்கு அடியில ஏதாவது விரிக்கலாம்,” என்றாள் மனைவி.

கூடத்து விரிப்பை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டார்கள். சத்தம் நின்றது. பெட்டி நிற்கவில்லை. நான்காவது தடவை ஏறும்போது விரிப்போடு சேர்ந்து பெட்டி வழுக்கியது. உச்சாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

“ஐயோ, என்னங்க!”

“ஒண்ணுமில்ல. உயரத்துல தொங்குறது நமக்குப் பழக்கம்தானே.”

அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவள் பதறி ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்.

“எவ்வளவு?”

“நூத்தி இருபத்தொம்போது.”

குறைக்கக் கிளம்பியவர்களுக்குக் கூடிவிட்டது. அவள் அன்றே ஒரு முடிவுக்கு வந்தாள். காப்பி நிறுத்தப்பட்டது. பொரித்தது, வறுத்தது எல்லாம் நிறுத்தப்பட்டது. மாமனார் கடையிலிருந்து மேலே வரும் சூடான பன்னும் மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. உச்சாணி வெந்த காயைத் தின்று வெந்நீரைக் குடித்தார். வீட்டில் யார் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்தார். அவர் எரிந்து விழ விழ அவள், ‘கோபம் வருது பாரு, இதயத்துல கோளாறு இருந்தா கோபம் வரும்னு சொல்வாங்க’ என்று உள்ளுக்குள் நடுங்கினாள். அடுத்த தடவை எண்ணியபோது நூற்று முப்பத்து நான்கு வந்தது.

“காப்பியை நிறுத்தியுமா!” என்று கத்தினார் உச்சாணி.

“கத்தாதீங்க. இன்னும் ஏறும்.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலையே. ஏணியில ஏறுறேன், நல்லாத்தான் இருக்கேன். மேல போய் நின்னா ரெண்டு மூச்சுல சரியாயிடுது.”

“வியாதி சொல்லிக்கிட்டா வரும்? எண்ணிப் பாத்தது நான். என் கணக்கு தப்பாது. கல்லாவுல ஒரு நாளாவது குறைஞ்சிருக்கா?”

கல்லா என்றைக்குமே குறைந்ததில்லை. இருந்தாலும் இன்னொருவர் எண்ணினால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“உன் தம்பியைக் கூப்பிடு.”

மச்சான் பேக்கரியில் மாவு பிசைபவன். மாவு மூட்டையும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூட்டைதான் இளைத்தது போலத் தெரியும். மாடி ஏற வேண்டியிருக்கும் என்பதற்காகவே அக்காள் வீட்டு விசேஷங்களைக்கூடக் கீழேயே கொண்டாடுகிறவன். உச்சாணி ஏறி இறங்கி முடிக்கும் நேரத்தில் அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, “டேய், ஓடி வா! அத்தான் உக்காந்துட்டார்!” என்று அலறினாள்.

அவள் அலறிய அலறலில் அவன் என்னவோ ஏதோ என்று மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறிவிட்டான். உள்ளே வந்தவன் ஒன்றும் பேச முடியாமல் அத்தானின் கையை இரும்புப் பிடியாகப் பிடித்தான். எண்ண எண்ண அவன் கண்கள் பிதுங்கின.

“அக்கா… நூத்தி… அம்பத்தஞ்சு!”

“என்னடா சொல்றே?”

“அத்தான், தயவு செஞ்சு இனிமே ஏறாதீங்க. பாத்துக்கிட்டு இருக்கற எனக்கே மூச்சு வாங்குது.”

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய், இரண்டு டம்ளர் தானே குடித்துவிட்டு மூன்றாவதைக் கொண்டுவந்து கொடுத்தான். மூச்சு திரும்பியதும் போனை எடுத்துத் தேடத் தொடங்கினான். போனில் தேடினால் ஜலதோஷத்துக்கே இறுதிச் சடங்குவரை காட்டும். இதற்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தான். நாலாவது வியாதியில் அக்காள் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“அப்பாவைக் கூப்பிடு. அவர்தான் பதறாம பாப்பாரு,” என்றாள்.

அது உண்மை. மாமனார் எதற்கும் பதற மாட்டார். ஒரு தடவை பேக்கரி அடுப்புப் பக்கம் தீப்பிடித்தபோது, “யாராவது கொஞ்சம் தண்ணி ஊத்துங்கப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பரைப் படித்தவர். துடிப்பு துள்ளாமல் இருக்க அவருக்கு டாக்டர் தினமும் மாத்திரை வேறு கொடுத்திருந்தார். படிக்குப் படி நின்று, ஆற அமர மேலே வந்தார். உட்கார்ந்தார். மாப்பிள்ளை கடைசி முறையாகப் பெட்டி மேல் ஏறி இறங்கி வந்து கையை நீட்டினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். நடுவில் தூங்கிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

“அம்பத்தாறு,” என்றார் கண்ணைத் திறந்து.

உச்சாணி துள்ளி எழுந்தார். “பாத்தியா! நூத்திப் பத்துல பாதி! நான் பாஸ்!”

இரண்டு நிமிடம் அந்த வீட்டில் விளக்கேற்றினாற் போல் இருந்தது. காப்பி போடக்கூடச் சொல்லிவிட்டார். பாலை அடுப்பில் வைத்த மனைவி அப்படியே நின்றாள்.

“கொஞ்சம் இருங்க. இப்பத்தான் நூத்தி அம்பத்தஞ்சு. அதுக்குள்ள அம்பத்தாறா?”

“ஆமா. குறைஞ்சிடுச்சு.”

“இப்படியா குறையும்? அது இதயமா, ஊஞ்சலா? ஒரு நேரம் அந்தக் கோடிக்குப் போகுது, ஒரு நேரம் இந்தக் கோடிக்கு வருது. நடுவுல எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

நிற்கும் என்ற சொல் வந்ததும் நால்வரும் அடுப்பை மறந்தார்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாக, ஆறு துடிப்பில் ஆரம்பித்தது இப்போது உயிரில் வந்து நின்றது.

அதற்குப் பிறகு பயிற்சி கிடையாது. டெஸ்ட் நாள்வரை வேலை முடிந்து வந்தால் படுக்கைதான். தண்ணீர் கேட்டாலும் மனைவியே கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். ராத்திரி அவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். உச்சாணிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் பயம் வேறு. சாவதற்கு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. ரேடியோவுக்குத்தான் பயந்தார்.

டெஸ்டுக்கு முதல் நாள் கூண்டின் கண்ணாடியை ஒரு மூலை விடாமல் துடைத்தார். இருக்கையின் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார். அடுத்து வருகிறவன் குறை சொல்லக் கூடாது அல்லவா? கடலை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். கண் கலங்கியது. கீழே இறங்கி வந்தபோது ரேடியோ ஏணியடியில் காத்திருந்தார்.

“வாங்க, வாங்க. விஷயம் கேள்விப்பட்டேன். கவலையே படாதீங்க. உங்களுக்குன்னு ஜன்னல் பக்கமா நாற்காலி போட்டு வெச்சிட்டேன். மெத்தைகூட வீட்டுலேருந்து கொண்டாந்தேன். அந்த மெத்தை வாங்கின கதையே ஒரு பெரிய கதை…”

உச்சாணி அந்தக் கதையை நின்றபடியே கேட்டார். பழகிக்கொள்ள வேண்டும் இல்லையா?

மறுநாள் துறைமுக வாசலை ஒட்டிய முதலுதவி அறைக்குக் குடும்பமே வந்தது. காவலாளி தடுத்தபோது மனைவி, “உள்ள போறவரு திரும்பி வருவாரான்னு நீங்க எழுதித் தருவீங்களா?” என்று கேட்டாள். அவர் வழி விட்டுவிட்டார். மாமனாரும் மச்சானும் வாசலில் நின்றார்கள். மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேடியோவும் வந்து சேர்ந்துகொண்டார்.

உள்ளே டக், டக் என்று ஒரு கருவி தாளம் போட்டது. அதற்குத் தக்கபடி உச்சாணி ஏறினார், இறங்கினார். நிறுத்தச் சொன்னதும் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் இரண்டு விரலை அவர் மணிக்கட்டில் மெல்ல வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எண்பத்தெட்டு, டாக்டர்.”

“ரொம்ப நல்லா இருக்கே,” என்றார் மேஜையில் எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா, தலையை நிமிர்த்தாமலே. “தினம் ஏணி ஏறி இறங்குற உடம்பு, சும்மாவா? பாஸ். நீங்க மேலயே இருங்க.”

உச்சாணிக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த கண்டெய்னர் ஒன்று கொக்கியோடு மேலே போனாற் போல் இருந்தது. கடல், கண்ணாடி, ஒட்டுப் போட்ட இருக்கை எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டன. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ரொம்ப நன்றிம்மா” என்று கும்பிட்டார். நர்ஸுக்கும் ஒரு கும்பிடு போட்டார். தாளம் போட்ட கருவியையும் கும்பிடப் போனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள்.

“டாக்டரம்மா, இவரைப் பாஸ் போடாதீங்க!”

“இந்தா, நீ வெளிய போ,” என்றார் உச்சாணி பதறிப்போய். “அவங்களே பாஸ்ங்கறாங்க. உனக்கு என்ன?”

“எனக்கு என்னவா? எனக்குத்தான் எல்லாமே! நூத்தி முப்பத்தி நாலு அடிக்குதும்மா இவருக்கு. என் தம்பி பிடிச்சான், நூத்தி அம்பத்தஞ்சு. எங்கப்பா பிடிச்சாரு, அம்பத்தாறு. இன்னைக்கு உங்க கிட்ட எண்பத்தெட்டு. மேல போயி, அங்க ஏதாவது ஆச்சுன்னா, யாரு ஏறிப் போய்ப் பாக்கறது? ரேடியோ அண்ணன் பேசிப் பேசிக் காதைக் கொல்லட்டும், பரவால்ல. உசிராவது இருக்கும்.”

வாசலில் நின்ற ரேடியோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “சரி. இன்னொரு தடவை ஏறட்டும். ஒரு கையை நர்ஸ் பிடிக்கட்டும். இன்னொரு கையை நீங்க பிடிங்க.”

கையில் கிடைத்த கூண்டு கடலில் விழுகிறதே என்ற ஏக்கத்தோடு உச்சாணி மறுபடியும் ஏறினார், இறங்கினார், உட்கார்ந்தார். வலது கையை நர்ஸ் பிடித்தாள். இடது கையை மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு துடிக்க எண்ணினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. துறைமுகத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை.

“தொண்ணூறு,” என்றாள் நர்ஸ்.

“நூத்தி நாப்பத்திரண்டு,” என்றாள் மனைவி.

“எப்படி? ஒரே ஆளுக்கு வலது கையில ஒண்ணு, இடது கையில ஒண்ணா?” என்றாள் நர்ஸ் திகைத்துப்போய்.

“தள்ளு, நான் பாக்கறேன்,” என்று மாமனார் மெதுவாக வந்து பிடித்தார். “அம்பத்தெட்டு.”

மச்சானும் விடவில்லை. “நூத்தி இருபது! அக்கா, எவ்வளவோ குறைஞ்சிருக்கு!”

உச்சாணி தன் இடது கையைப் பிறத்தியார் கை மாதிரிப் பார்த்தார். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்னால், தான் இருக்கிறோமா இல்லையா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. மனைவி அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது. மறுபடியும் வந்து அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வாங்க. நான் ரொட்டி வித்து உங்களுக்குச் சோறு போடறேன்.”

டாக்டரம்மா எழுந்து வந்தார். அவள் பிடித்திருந்த பிடியைக் குனிந்து பார்த்தார். பிறகு மணிக்கட்டில் பதிந்திருந்த அவளுடைய கட்டைவிரலை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னார்:

“கட்டைவிரல்லயும் ஒரு நாடி ஓடுதும்மா, அதை வெச்சு அழுத்தினா பிடிக்கிறவங்க துடிப்புதான் தெரியும், இத்தனை நாளா பெட்டி மேல ஏறி இறங்கினது உங்க வீட்டுக்காரர், நீங்க எண்ணினதெல்லாம் உங்க நெஞ்சை.”